மூடிய ஸ்டீம் கிளை ஏன் சுடுகிறது? உறை போட்டால் கை தப்புமா?

பட்டறைப்பையன்
வணக்கமுங்க. திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பாய்லர் 7 கிலோ பிரஷரில் ஓடுகிறது. ஸ்டீமைப் பிரித்துவிடும் பெருங்குழாயான ஹெடரின் தலையிலிருந்து 2 இஞ்ச் கிளை ஒன்று படிக்கட்டு ஓரமாக ஆள் உயரத்துக்கு ஏறுகிறது. முன்பு ஒரு சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினுக்குப் போன லைன் அது. மெஷினை விற்றாயிற்று, மேல் நுனி வால்வை மூடி பிளைண்டும் (அடைப்புத் தகடு) போட்டாயிற்று. போன வாரம் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருத்தன் படியில் வழுக்கி, விழாமல் இருக்க அந்தக் கிளையைப் பிடித்துவிட்டான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"அதிலதான் ஸ்டீமே போகலையே, எப்படிச் சுட்டுச்சு?" என்று முதலாளி கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

அதே படிக்கட்டை ஒட்டி 12 அடிக்கு ஸ்டீம் ஓடுகிற லைனும் கிடையாகப் போகிறது, அதுவும் 2 இஞ்ச். காப்பு எதுவும் கிடையாது. இரண்டுக்கும் மேலே 4 இஞ்ச் ஜிஐ பைப்பை உறையாக மாட்டி, இரண்டு முனையையும் தகடு வைத்து வெல்டிங் அடித்து மூடிவிடலாம் என்கிறார் முதலாளி. "நடுவுல காத்து இருக்கும், காத்து சூடு கடத்தாது." இது சரியாக வருமா?

காவேரிக்கரை பாய்லர்
தம்பி, முதலில் அந்தப் பையனுக்கு வைத்தியம் ஆச்சா? அதைச் சொல்லுங்க.

கிளை விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டீம் "போகாமல்" இருக்கலாம், ஆனால் உள்ளே நிற்கிறது. அது சும்மா நிற்பதும் இல்லை. குழாய்ச் சுவர் வெளிக்காற்றில் ஆறுவதால் உள்ளே ஸ்டீம் தண்ணீராக மாறுகிறது. அந்தத் தண்ணீர் சுவரோடு வழிந்து ஹெடருக்கே இறங்கிவிடும். காலியான இடத்துக்கு ஹெடரிலிருந்து புது ஸ்டீம் ஏறி வரும். வால்வு மூடியிருந்தாலும் இந்த ஏற்ற இறக்கம் இரவு பகலாக நடந்துகொண்டே இருக்கும். அதனால் மேல்நோக்கிய குருட்டுக் கிளை முழுக்க ஏறக்குறைய லைன் சூட்டிலேயே இருக்கும். நுனியில் காற்று தேங்கியிருந்தால் அந்த ஒரு சாண் மட்டும் கொஞ்சம் ஆறியிருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு "லைன் ஆறிப்போச்சு" என்று கீழே பிடிக்கிறவர்கள் உண்டு.

கீழ்நோக்கிய கிளை இதற்கு நேர் எதிர். அதில் தண்ணீர் தேங்கி நிற்கும். மேல் தண்ணீர் சூடு, அடித் தண்ணீர் குளிர்ச்சி. சூடான தண்ணீர் ஏற்கனவே மேலே இருப்பதால் புரண்டு கலக்க வேலையே இல்லை. தண்ணீர் தானாகச் சூட்டைக் கடத்துவதும் குறைவு. ஆகவே கீழ் நுனி தொடுகிற சூட்டில்தான் இருக்கும். அதில் ஆபத்து வேறு: வால்வைத் திடீரென்று திறந்தால் தேங்கிய தண்ணீரை ஸ்டீம் அடித்துக்கொண்டு போகும். அந்தச் சுத்தியல் அடியில் ஃபிளாஞ்ச் (குழாய் மூட்டின் போல்ட் தட்டு) பிளந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கிளைக்கு உறையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அடுத்த ஷட்டவுனில் பிளைண்டை மேல் நுனியிலிருந்து எடுத்து, ஹெடர் ஃபிளாஞ்சிலேயே போடுங்க. கிளையைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்க. இல்லாத குழாய் யாரையும் சுடாது.

கோபி விவசாயி
பாய்லர் அண்ணா சொன்னதைப் படித்ததும் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு மாடியில் வாக்யூம் டியூப் சோலார் இருக்கிறது. அந்தக் கண்ணாடிக் குழாய்க்கும் அடி முனை மூடித்தானே இருக்கிறது? பம்பும் கிடையாது. அப்புறம் எப்படி டேங்க் முழுக்கச் சூடாகிறது?

வெப்பக்கணக்கு
அதே கதைதாங்க, ஸ்டீமுக்குப் பதில் தண்ணீர். சாய்ந்த குழாயில் வெயில் படும் மேல் பக்கத்தை ஒட்டிச் சுடுதண்ணீர் ஏறும், கீழ்ப் பக்கத்தை ஒட்டி டேங்கின் குளிர்ந்த தண்ணீர் இறங்கும். ஒரே குழாய்க்குள் போக ஒரு பாதை, வர ஒரு பாதை. சூடான தண்ணீர் லேசு, குளிர்ந்தது கனம், அந்த எடை வித்தியாசம்தான் பம்ப்.

இனிப் பட்டறைத் தம்பியின் உறைக்கு வருவோம். கோவையில் ஒரு கல்லூரியில் வெப்பப் பரிமாற்றம் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளும்.

"காற்று சூடு கடத்தாது" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அசையாத காற்று ராக் வுல் என்கிற பாறைக் கம்பளியைவிடவும் நல்ல காப்பு. 130 டிகிரி வாக்கில் காற்றின் கடத்துதிறன் (மீட்டருக்கு, டிகிரிக்கு இத்தனை வாட் என்று) 0.034, ராக் வுல்லுக்கு 0.045 பக்கம். அப்படியென்றால் ராக் வுல் எதற்கு? அது காற்றை அசையவிடாமல் பிடித்துவைக்கிறது, கதிர்வீச்சையும் மறைக்கிறது. வெறும் உறைக்குள் இருக்கிற காற்று இந்த இரண்டையும் செய்யாது.

உங்கள் அளவையே எடுத்துக்கொள்கிறேன். 7 கிலோ பிரஷரில் ஸ்டீம் 170 டிகிரி. 2 இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 60 மி.மீ., 4 இஞ்ச் குழாயின் உள்விட்டம் 105 மி.மீ. சுற்றிலும் 22 மி.மீ. சொச்சம் இடைவெளி. பட்டறைக் காற்று 35 டிகிரி என்று வைப்போம். உள்குழாயை ஒட்டிய காற்று சூடாகி எழும்பி உறையின் உச்சியில் மோதும். அங்கிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து, உறையின் உள்சுவரில் சூட்டை இறக்கிவிட்டுக் கீழே சரியும். அடியில் மறுபடி குழாயிடம் சேரும். பிறை வடிவில் இடம், வலம் இரண்டு சுழல்கள். மிதப்பு விசை, காற்றின் பிசுக்கையும் சூட்டுப் பரவலையும் எவ்வளவு மீறுகிறது என்பதைச் சொல்வதுதான் ராலே எண். இந்த இடைவெளிக்கு அதைப் போட்டுப் பார்த்தால், அசையாத காற்றைப் போல இரண்டேகால் மடங்கு சூடு கடக்கிறது.

இது சின்னப் பங்குதான். பெரிய பங்கு கதிர்வீச்சு. துருவேறிய குழாய் ஏறக்குறைய கரும்பொருள் (சூட்டை முழு அளவில் வீசும் பரப்பு) மாதிரி வீசும். ஒரு மீட்டருக்குக் கணக்கு போட்டால் கதிர்வீச்சில் 180 வாட், காற்றுச் சுழலில் 75 வாட். மொத்தம் 250 வாட் சொச்சம் உறைக்கு வந்து சேருகிறது. அதை வெளிக்காற்றில் விட, உறையின் வெளிப்புறம் சராசரியாக 85 டிகிரிக்கு ஏற வேண்டும். உச்சி அதற்கும் மேலே, அடி சற்றுக் கீழே.

170 எங்கே, 85 எங்கே என்று முதலாளி சந்தோஷப்படுவார். ஆனால் 85 டிகிரி இரும்பும் தோலை உரிக்கும்.

காங்கயம் ரைஸ்மில்
சாருக்கு ஒரு கேள்வி. 4 இஞ்சுக்குப் பதில் 6 இஞ்ச் பைப் போட்டால் இடைவெளி இரட்டிப்பு ஆகுமே, சூடு பாதியாகாதா?

வெப்பக்கணக்கு
ஆகாதுங்க. இடைவெளி பெருத்தால் சுழலுக்கும் இடம் பெருக்கிறது. 6 இஞ்ச் உறைக்குள் காற்று நாலரை மடங்குக்கு மேல் கடத்த ஆரம்பித்துவிடும். கதிர்வீச்சுக்கோ இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. வெளிப்புறம் 78 டிகிரி வாக்கில் வந்து நிற்கும், அதாவது ஏழெட்டு டிகிரிதான் லாபம். இன்னொரு வேடிக்கையும் உண்டு: உறையின் பரப்பு பெரிதாகிவிட்டதால் மீட்டருக்கு 250 வாட் போன இடத்தில் 290 வாட் போகும். தொட்டால் சற்றுக் குறைவாகச் சுடும், ஆனால் விறகு கூடுதலாகச் செலவாகும்.

உள்குழாய் மேல் அலுமினிய ஃபாயில் சுற்றினால் கதிர்வீச்சு விழுந்துவிடும். 4 இஞ்ச் உறை அப்போது 65 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். ஆனால் சாயப்பட்டறைக் காற்றில் ஈரமும் காரமும் இருக்கிறது. ஃபாயில் எத்தனை நாளைக்கு மினுங்கும்?

சென்னிமலை தறி
ஜிஐக்குப் பதில் பிவிசி பைப்பை உறையாகப் போட்டால்? பிளாஸ்டிக் அவ்வளவு சுடாதே, விலையும் குறைவு.

காவேரிக்கரை பாய்லர்
பிவிசி 80 டிகிரியிலேயே இளகித் தொங்க ஆரம்பிக்கும். வேண்டாமுங்க.

முதலாளியின் திட்டத்தில் எனக்கு 85 டிகிரியைவிடப் பெரிய பயம் அந்த வெல்டிங். இரண்டு முனையையும் அடைத்துவிட்டால் உள்குழாயில் ஊசித்துளை விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. உறை முழுக்க 7 கிலோ பிரஷர் ஏறும். அந்த முனைத் தகடு அதற்குக் கணக்குப் போட்டு வைத்ததா? ஒரு நாள் தகடு பிய்த்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் பறக்கும். அது போக, இந்த பிரஷரில் ஓடுகிற லைன் பாய்லர் விதிகளுக்குள் வருவது. அதன் மேல் நினைத்தபடி வெல்டிங் ராடை வைக்கக் கூடாது. எந்த உறை போட்டாலும் அடியில் ஒரு துளை திறந்தே இருக்க வேண்டும், ஆள் நடமாடாத பக்கமாகப் பார்த்து.

காங்கயம் ரைஸ்மில்
எங்கள் மில்லில் நெல் அவிக்கிற தொட்டிக்குப் போகிற லைனுக்கு வலைக்கூண்டுதான் கட்டியிருக்கிறோம். எக்ஸ்பேண்டட் மெட்டல் வலையை வளைத்து, குழாயிலிருந்து நாலு விரல் தள்ளி கிளாம்பில் நிறுத்தியிருக்கிறோம். கை அகப்படாது, காற்று தாராளமாகப் போய் வரும். வலையைத் தொட்டால் வெதுவெதுப்புத்தான். மலிவு, ஒரே நாளில் வேலை முடியும்.

வெப்பக்கணக்கு
கை தப்பிக்க இது நல்ல வழி. மூடின உறையில் சூடான காற்று உள்ளேயே சுற்றுகிறது. வலையில் அது மேலே தப்பித்துப் போகிறது, அடியிலிருந்து புதுக்காற்று வருகிறது. ஆனால் எரிபொருள் இழப்பு அப்படியே இருக்கும். இன்னொன்று, திருப்பூரில் பனியன் துணிப் பஞ்சு பறக்கும். ஆறு மாதம் துடைக்காமல் விட்டால் வலைக்கண் அடைந்து, முதலாளி கேட்ட மூடிய உறையே தயாராகிவிடும். சூடான குழாய் மேல் பஞ்சு படிவது தீக்கும் நல்லதல்ல.

பட்டறைப்பையன்
பையனுக்கு வைத்தியம் ஆச்சுங்கண்ணா, அரசு ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஆனால் கூட்டிப்போவதற்கு முன்னாடியே கூட வேலை செய்கிறவர்கள் கையில் பற்பசையை அப்பிவிட்டார்கள். டாக்டர் அதைக் கழுவி எடுக்கும்போது அவன் துடித்த துடிப்பு...

ஒரு சந்தேகம். 85 டிகிரி சுடும் என்கிறீர்கள், சரி. அப்போது எத்தனை டிகிரி வரை இருந்தால் பயமில்லை?

பெருந்துறை செவிலி
தீக்காய வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். "எத்தனை டிகிரி" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் தம்பி. எத்தனை நொடி, எந்தப் பொருள் என்பதும் சேர வேண்டும். 1947-லேயே ஹார்வர்டில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு பேர் பன்றித் தோலிலும் மனிதத் தோலிலும் சோதித்து இதைக் காட்டிவிட்டார்கள். 44 டிகிரியில் தோல் சாக ஆறு மணி நேரம் ஆகிறது. 60 டிகிரியில் ஐந்தே நொடி. 70-ல் ஒரு நொடி.

பூச்சில்லாத உலோகத்துக்கு ஒரு நொடித் தொடுதல் என்றால் 65 முதல் 70 டிகிரி வரைதான் எல்லை. பிளாஸ்டிக்குக்கும் மரத்துக்கும் எல்லை இன்னும் மேலே, ஏனென்றால் அவை சூட்டைக் கைக்குள் மெதுவாகத்தான் தள்ளும். நெடுநேரம் தொடுகிற இடமென்றால் இந்தப் பொருள் வித்தியாசமே போய்விடும்: ஒரு நிமிடத்துக்கு 51, பத்து நிமிடத்துக்கு 48. தொழிற்சாலைகளில் பொதுவாக 60 டிகிரி, ஐந்து நொடி என்று வைத்துக்கொள்கிறார்கள், தெரியாமல் பட்டால் கையை இழுக்க நேரம் இருக்கட்டும் என்று. உங்கள் பையன் தெரியாமல் தொட்டவன் அல்ல, விழாமல் இருக்கப் பிடித்தவன். பிடியை விட்டால் விழுவான், விடாவிட்டால் வேகும். படிக்கட்டு ஓரத்தில் இதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே 60 போதாது, 50-க்குள் கொண்டுவரப் பாருங்கள். கைப்பிடிக் கம்பியும் சேர்த்துப் போடுங்கள்.

பற்பசை, பேனா மை, இட்லி மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினால் போதும். மோதிரம், கைக்காப்பு, கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி 108-ஐக் கூப்பிடுங்கள். இதை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள், தமிழில் மட்டும் எழுதினால் அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள்.

கோபி அண்ணாவுக்கும் ஒரு வார்த்தை. வெயில் காலத்தில் அந்த சோலார் தண்ணீர் 70, 80-க்குப் போகும். குழந்தையைக் குளிக்கவைக்க வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சுடுதண்ணீர்.

கோபி விவசாயி
சரிங்க அம்மணி. எங்கள் வீட்டில் தலைகீழாகத்தான் பிடிக்கிறார்கள், சொல்லிவிடுகிறேன்.

சென்னிமலை தறி
முன்பெல்லாம் மில்லில் கல்நார்க் கயிறு (ஆஸ்பெஸ்டாஸ்) சுற்றுவார்கள். எங்கள் அப்பா காலத்துக் கயிறு ஒரு சுருள் கிடக்கிறது, வேண்டுமானால் தருகிறேன்.

பெருந்துறை செவிலி
அதை உலர்ந்தபடி கையில் எடுக்காதீர்கள் அண்ணா. அந்த நார்த்தூசி நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றாக வரலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, இரட்டைப் பையில் கட்டி வையுங்கள்.

பட்டறைப்பையன்
அப்படியானால் ராக் வுல்தானா? எத்தனை மி.மீ.? முதலாளியிடம் "பாதுகாப்பு" என்று மட்டும் சொன்னால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். ஒரு செலவுக் கணக்கு கொடுங்கள் சார்.

வெப்பக்கணக்கு
உங்கள் 12 அடி வெற்றுக் குழாய் மீட்டருக்கு 520 வாட் வாக்கில் காற்றில் விடுகிறது. மொத்தம் 1.9 கிலோவாட். 170 டிகிரி ஸ்டீம் ஒரு கிலோ தண்ணீராகும்போது கொடுப்பது 2,050 கிலோஜூல் சுமார். ஆக மணிக்கு 3.3 கிலோ ஸ்டீம், 24 மணி நேரத்துக்கு 80 கிலோ. அந்தப் படிக்கட்டு ஓரம் மட்டும் தின்பது இவ்வளவு. 4 இஞ்ச் உறை இதைப் பாதியாக்கும். 50 மி.மீ. ராக் வுல் போட்டால் மீட்டருக்கு 35 வாட், ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோ ஸ்டீமோடு முடிந்தது. உங்கள் விறகு விலையைப் போட்டுப் பெருக்கி, முதலாளி மேஜையில் வையுங்கள்.

தடிமனோடு கூட வெளித்தகடும் முக்கியம். 25 மி.மீ. கம்பளிக்கு மேல் பளபள அலுமினியத் தகடு சுற்றினால் வெளிப்புறம் 60 டிகிரி வரும். அதே தகட்டுக்கு மங்கலான பெயின்ட் அடித்தால் 50. கம்பளி ஒன்றுதான், பத்து டிகிரி வித்தியாசம். மினுங்குகிற பரப்பு கதிர்வீச்சாகச் சூட்டை விடாது, அதனால் தானே சூடாகி நிற்கும். 50 மி.மீ. போட்டால் மினுங்கும் தகட்டுக்கு 50 பக்கம், பெயின்ட் அடித்ததற்கு 43. படிக்கட்டு ஓரத்துக்கு நான் 50 மி.மீ. போட்டு, மேலே சாம்பல் பெயின்ட் அடிக்கச் சொல்வேன்.

கரூர் ஃபிட்டர்
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. காப்பு போட்ட பிறகு முதலாளி தொடாமல் சூடு அளக்கிற லேசர் கன்னை எடுத்துக்கொண்டு வருவார். மினுங்கும் அலுமினியத்தில் அது பொய் சொல்லும். 60 டிகிரி தகட்டை 38, 40 என்று காட்டும், எதிர்ச் சுவரின் சூட்டைத்தான் பெரும்பாலும் படிக்கிறது. தகட்டில் ஒரு துண்டு கருப்பு எலக்ட்ரிகல் டேப் ஒட்டி, இரண்டு நிமிடம் விட்டு, டேப்பைப் பார்த்து அளந்தால் சரியாக வரும். எங்கள் ஊரில் ஒரு பட்டறையில் டேப் ஒட்டாமல் அளந்து "பாஸ்" என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

வால்வு, ஃபிளாஞ்ச் மேலேயும் காப்பு வேண்டும். அவற்றை நிரந்தரமாக மூடினால் அடுத்த கேஸ்கெட் மாற்றும்போது பிய்த்து எறிவார்கள், திரும்பப் போடவே மாட்டார்கள். கழற்றி மாட்டுகிற ஜாக்கெட்டாகத் தைத்து வாங்குங்க. தகட்டின் மூட்டு கீழ்ப்பக்கமாக வரட்டும். மேலே வைத்தால் சாயத் தண்ணீர் இறங்கி, கம்பளி நனைந்து, காப்பும் போய்க் குழாயும் துரு ஏறும்.

பட்டறைப்பையன்
80 கிலோ ஸ்டீம் கணக்கைக் காட்டினேன். வேலை ஆகிவிட்டதுங்க. 50 மி.மீ. ராக் வுல்லும் தகடும் ஆர்டர் போடச் சொல்லிவிட்டார், சாம்பல் பெயின்ட்டோடு. ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில் ஹெடரில் பிளைண்ட் போட்டுக் கிளையை இறக்கப் போகிறோம். பாய்லர் அண்ணா, இறக்குவதற்கு முன் எவ்வளவு நேரம் ஆற விட வேண்டும்?

காவேரிக்கரை பாய்லர்
நேரத்தை நம்பாதீங்க தம்பி. ஹெடர் மெயின் வால்வை மூடிப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வையுங்க. தண்ணீர் வடிக்கிற டிரெயினைத் திறந்து, பிரஷர் கேஜ் பூஜ்யம் காட்டி, டிரெயினிலும் ஒன்றும் வரவில்லை என்றான பிறகு ஃபிளாஞ்சைத் தொடுங்க. உங்களுக்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டை முதலில் தளர்த்துங்க. மிச்சம் மீதி இருந்தால் அந்தப் பக்கமாகப் போகட்டும்.